சீசன் டிக்கெட்டும் சொந்த நூலும்

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்த தமிழ்க் குடும்பத்தாரின் பழைய தகரப் பெட்டிகளைத் திறந்து பார்த்தால், இட்லித் தட்டுக்கு அடியில் நாலைந்து தமிழ் நூல்கள் நிச்சயமாக இருக்கும். தட்டுத் தேய்ந்துபோனால் நாகபுரிக் கடைவீதியிலேயே வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால், கொண்டுவந்த நூல்களைப் படித்து முடித்துவிட்டால் அடுத்த நூலுக்கு எங்கே போவது? இந்தக் கேள்விக்கு விடை காண நம் பெற்றோர் பட்ட பாடு கொஞ்சமன்று. விடுமுறைக்கு ஊர் செல்வோரிடம் பட்டியல் எழுதிக் கொடுப்பார்கள். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வருகின்ற தெரிந்தவர் கையில் பொட்டலம் வந்து சேரும். ஒரே நாவலைப் பத்து வீட்டார் படித்து, பதினோராவது வீட்டில் அட்டையில்லாமல் கண்டெடுப்போம்.

அந்தத் துன்பம் இன்று பெரும்பாலும் நீங்கிவிட்டது. மாதந்தோறும் ஒரு சிறு தொகையைச் சந்தாவாகச் செலுத்தினால், கைபேசியிலேயே ஆயிரக்கணக்கான நூல்களைப் படிக்கலாம்; படிக்க இயலாதவர் பிறர் வாசிக்கக் கேட்கலாம். இத்தகைய சந்தா ஒன்றைக் கடந்த ஓராண்டாக எங்கள் இல்லத்தில் வைத்திருந்தோம். அதனால் பெற்ற நன்மையும் உண்டு. பட்ட அனுபவமும் உண்டு. இரண்டையும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒளியாமல் உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாங்கள் கணினி கற்ற அறிஞர் அல்லோம். மெட்ரிகுலேஷன் அளவில் படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுடன் காலங்கழிப்பவர். ஆகவே எளிய முறையில்தான் சொல்ல வரும்.

முதலில் வரலாற்றைச் சிறிது காண்போம். கிண்டில் அன்லிமிடெட் என்னும் மின்னூல் சந்தா 2014-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கி, 2015 செப்டம்பரில் இந்தியாவிற்கு வந்தது. வந்தபோது அதன் கட்டணம் மாதம் 199 ரூபாய். அப்பொழுது அதில் தமிழுக்கு இடமில்லை. 2016 டிசம்பரில்தான் தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழி நூல்களுக்குக் கிண்டிலின் கதவு திறந்தது. ஒலிநூல்களைப் பொறுத்தமட்டில், ஸ்வீடன் நாட்டு நிறுவனமாகிய ஸ்டோரிடெல் 2017-ஆம் ஆண்டிலும், ஆடிபிள் 2018-ஆம் ஆண்டிலும் இந்தியாவில் கடை திறந்தன. பெங்களூரில் 2014-இல் பிறந்த பிரதிலிபி, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் புதிய எழுத்தாளர்களின் கதைகளைத் தாங்கி வருகின்றது. கட்டணங்கள் அடிக்கடி மாறுவன. ஆதலின் சேருகின்ற நாளில் உள்ள கட்டணத்தை அவரவரே பார்த்து அறிதல் நலம்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம்.

எங்கள் அன்னையார் திருச்சி மாவட்டத்து லால்குடிப் பக்கம் பிறந்தவர். மணமாகித் தந்தையாருடன் அஜ்னி ரயில்வே குடியிருப்புக்கு வந்தபோது, தம் தாயார் கல்கி வார இதழிலிருந்து பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்திருந்த 'பொன்னியின் செல்வன்' கட்டுகளையும் உடன் கொண்டுவந்தார். 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த அந்நாவல், அக்காலத்தில் எத்தனையோ இல்லங்களில் இவ்வாறு தைக்கப்பட்டுக் குடும்பச் சொத்தாக விளங்கியது. எங்கள் வீட்டுக் கட்டுகளை ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்றுவிட்டது. அன்னையார் அதற்காக இரண்டு நாள் சரியாக உணவு கொள்ளவில்லை.

பல்லாண்டாக இருந்துவந்த நீரிழிவு நோய், மூன்றாண்டுகளுக்கு முன் அவர்தம் கண்ணைத் தாக்கியது. விழித்திரை பழுதுற்றது, சிகிச்சையால் எஞ்சிய பார்வை காக்கப்பட்டதேயன்றி, இழந்தது திரும்பவில்லை. ஆள் அடையாளம் தெரியும், அச்செழுத்துத் தெரியாது. பிற்பகலில் சன்னலோரம் அமர்ந்து தமிழ் இதழ் படிப்பதையே நாளின் இன்பமாகக் கொண்டிருந்தவர், அதே சன்னலோரத்தில் வெறுங்கையுடன் அமர்ந்திருக்கலானார். "கொஞ்சம் படிச்சுக் காட்டேன் தம்பி" என்று எங்களிடம் கேட்பார். நாங்களும் படித்துக் காட்டுவோம். முதலில் அரை மணி, பின்னர் கால் மணி, பின்னர் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலம் வந்தபோது அதுவும் நின்றது. அவர் கேட்பதையும் நிறுத்திவிட்டார்.

எங்கள் மகளுக்கு எட்டு வயது. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் உண்டு, தமிழ் இல்லை. வீட்டில் பேசும் தமிழ் அவளுக்கு நன்கு விளங்கும். எழுத்து மட்டும் தெரியாது. ஆக, ஒரே வீட்டில் படிக்கத் தெரிந்தும் கண் தெரியாத பாட்டியும், கண் இருந்தும் படிக்கத் தெரியாத பேத்தியுமாக இருவர் வாழ்ந்து வந்தனர். இந்நிலை எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை வாசக அன்பர்கள் அறிவார்கள்.

இந்நிலையில்தான் ஒலிநூல் சந்தா ஒன்றில் சேர்ந்தோம். சேருவது கடினமான காரியம் அன்று. செயலியைக் கைபேசியில் நிறுவி, தொலைபேசி எண்ணைப் பதிந்து, வங்கிக் கார்டின் எண்ணைக் கொடுத்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் மாதம் இலவசம் என்றார்கள். 'பொன்னியின் செல்வன்' என்று தேடினோம், இருந்தது. அன்று மாலை அன்னையாரின் கட்டிலருகே கைபேசியை வைத்து, முதல் அத்தியாயத்தைத் தொடங்கிவிட்டோம். வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகின்ற காட்சி. அன்னையாரின் உதடுகள் அசைந்தன. அடுத்து வருவது இன்னதென்று அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது. பேத்தி அவர் மடியில் வந்து அமர்ந்துகொண்டாள்.

ஒலிநூலின் வசதிகள் பல. கேட்பவரின் செவிக்கேற்ப வேகத்தைக் குறைக்கலாம். எங்கள் அன்னையாருக்குச் சிறிது மெதுவாக வாசித்தால்தான் நிறைவு. பத்து விநாடி, பதினைந்து விநாடி பின்னோக்கிச் சென்று தவறவிட்டதை மீண்டும் கேட்கலாம். உறங்கும் நேரத்தில், குறித்த நிமிடத்திற்குப் பின் தானே நின்றுவிடுமாறு செய்யலாம். வீட்டு வை-பை வழியாக முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டால், ரயில் பயணத்தில் சிக்னல் இல்லாத இடத்திலும் தடையின்றி ஒலிக்கும். விநாடிக்கு 64 கிலோபிட் தரமுள்ள ஒலிநூல், மணிக்குச் சுமார் 29 எம்.பி. அளவே கொள்ளும். திரைப்படம் பார்ப்பதோடு ஒப்பிட இது மிகச் சொற்பம். மின்னூலிலோ எழுத்தை வேண்டுமளவு பெரிதாக்கலாம். பார்வை மங்கத் தொடங்கிய முதியோர்க்கு இது ஒரு வரப்பிரசாதம்.

நான்கு மாதங்கள் இவ்வாறு சென்றன. மாலை ஏழு மணியானால் பாட்டியும் பேத்தியும் சோழ நாட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். இரண்டாம் பாகமாகிய 'சுழற்காற்று' நடந்துகொண்டிருந்தது. கடலில் புயல், கப்பல் தத்தளிக்கின்றது, வந்தியத்தேவன் கதி என்ன? அந்தக் கட்டத்தில் மறுநாள் மாலை கைபேசியைத் தொட்டால், நூலின் அட்டைப் படத்தின்மேல் ஒரு பூட்டு தென்பட்டது. சந்தா முடிவுற்றது என்று ஓர் அறிவிப்பு.

நடந்தது இதுதான். எங்கள் வங்கிக் கார்டின் காலம் முடிந்து, வங்கியார் புதிய கார்டு அனுப்பியிருந்தனர். பழைய கார்டின்மேல் கொடுத்திருந்த மாதாந்திர அனுமதி அத்துடன் செயலற்றுப்போயிற்று. பணம் செல்லவில்லை, நூல் பூட்டப்பட்டது. இறக்கி வைத்திருந்த அத்தியாயங்களும் திறக்கவில்லை. மாதக் கடைசியானமையாலும், சம்பளம் வந்ததும் பார்த்துக்கொள்வோம் என்ற எங்கள் சோம்பலாலும், பத்து நாட்கள் அப்படியே கழிந்தன.

அன்னையார் கேட்டார்: "பணம் கட்டித்தானே வாங்கினே?"

"வாங்கவில்லை அம்மா, அது சந்தா" என்றோம்.

"பாதியிலே பிடுங்கிக்கிட்டுப் போறதுக்குப் பேரு புஸ்தகமா தம்பி? லைப்ரரிக்காரன்கூடத் தேதி முத்திரை குத்தித்தான் கொடுப்பான். இரவல்னா இரவல்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே."

எங்களுக்கு விடை கூற இயலவில்லை. நாள்தோறும் சீசன் டிக்கெட் காரியங்களை அருகிருந்து பார்ப்பவர்கள் நாங்கள். சீசன் டிக்கெட் உள்ளவர் அம்மாதம் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் பிரயாணம் செய்யலாம். ஆனால் வண்டியின் ஓர் ஆணிகூட அவருக்குச் சொந்தமன்று. தேதி கடந்த மறுநாள் அதே வண்டியில் அவர் டிக்கெட் இல்லாப் பிரயாணி. நூல் சந்தாவும் அத்தகையதே. மாதத்தொகை செலுத்தும் வரையில் படிக்கும் உரிமை உண்டு, உடைமை இல்லை. அதுமட்டுமன்று, ரயில்வே தன் கால அட்டவணையை மாற்றுவதுபோல, அந்நிறுவனமும் பதிப்பாளருடன் கொண்ட ஒப்பந்தம் முடிந்தால் ஒரு நூலைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். இவ்வளவு வெளிப்படையான செய்தி, அன்னையார் கேட்கும்வரை எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

அந்தப் பத்து நாட்களில் எங்கள் வீட்டில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. "கப்பல் என்ன ஆச்சு பாட்டி?" என்று பேத்தி விடாது கேட்கவே, அன்னையார் மீதிக் கதையைத் தாமே சொல்லத் தொடங்கினார். சிறுவயதில் பலமுறை படித்த கதையன்றோ! புயலும், இளவரசரும், ஓடத்தைச் செலுத்தி வந்த பூங்குழலியும் அவர் வாய்மொழியில் உயிர்பெற்று எழுந்தனர். பூங்குழலியின் ஓடத்தில் ஒரு நாயும் இருந்தது. அந்த நாய் அலையைக் கண்டு குரைத்த விதத்தை அன்னையார் நடித்தே காட்டினார். மகள் கைகொட்டிச் சிரித்தாள்.

சந்தாவைப் புதுப்பித்தபின் மகள் அப்பகுதியைக் கேட்டாள், மறுபடியும் கேட்டாள். பின்னர், "பாட்டி, இதில் நாயே இல்லையே!" என்று முறையிட்டாள். அன்னையார் சிரித்துக்கொண்டு, "உனக்காகத்தான் கண்ணு ஏத்திக்கிட்டேன்" என்றார். குடியிருப்பில் திரியும் ஒரு நாய்க்குட்டியின்மேல் மகளுக்கு உயிர். மகள் சிறிது யோசித்து, "புஸ்தகத்தில் நிஜமாகவே நாய் இல்லையா? நானே பார்க்கவேண்டும், எழுத்துச் சொல்லிக் கொடு" என்றாள்.

அன்று முதல் இரவுச் சாப்பாட்டிற்குப் பின் எங்கள் இல்லத்தில் அரிச்சுவடி நடக்கின்றது. பாட்டி அவள் உள்ளங்கையில் விரலால் எழுத்தை வரைந்து காட்டுகின்றார். அதற்குக் கண் வேண்டியதில்லை. இன்னும் உயிர்மெய் வரிசையே முடியவில்லை. ளகர ழகர றகரங்களில் தினமும் சண்டை. நாவல் படிக்கும் நாள் தொலைவில்தான் இருக்கின்றது.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். அன்னையார்பால் கொண்ட அன்பினால் மட்டும் அந்தச் சந்தாவை நாங்கள் வாங்கவில்லை. அவருக்குப் படித்துக் காட்டும் கடமையிலிருந்து விடுதலை பெறவும் வாங்கினோம். கைபேசி வாசிக்கும்போது நாங்கள் அடுத்த அறையில் இருந்தோம். பூட்டு விழுந்த பத்து நாட்களில்தான் அவர் குரலைக் கேட்க நாங்களும் வந்து அமர்ந்தோம். தேர்ந்த கலைஞரின் வாசிப்பு சிறந்ததே. அதை நாங்கள் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆயினும் அது எல்லோருக்கும் ஒரே கதையைச் சொல்லுகின்றது. ஒரு குழந்தைக்காக ஓடத்தில் நாயை ஏற்றிக்கொள்ள அதற்குத் தெரியாது.

இனி, சந்தா சேர விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்.

முதலாவது, இலவச மாதம் என்பது தூண்டிலின் புழு. அம்மாதம் முடிந்ததும் பணம் தானே கழியும். சேரும் அன்றே முடிவுத் தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்துவிடுக. செயலியைக் கைபேசியிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் கருதுகின்றனர், அது பிழை. கணக்கினுள் சென்று சந்தாவை ரத்து செய்தால்தான் நிற்கும். ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, கார்டு வழியே தானாகக் கழியும் தொகையைக் குறித்து 24 மணி நேரத்திற்கு முன்னதாகவே வங்கி அறிவிப்பு அனுப்பவேண்டும். அக்குறுஞ்செய்தியை விளம்பரமென்று தள்ளிவிடாதீர்கள். கார்டு மாறினால் அனுமதியை மீண்டும் பதிவு செய்யவும் மறவாதீர்கள். நாங்கள் தவறியது இங்கேதான்.

இரண்டாவது, 'வரம்பற்ற' என்னும் சொல்லை அப்படியே நம்பவேண்டா. எந்த நூலைச் சந்தாவில் சேர்ப்பது என்பது பதிப்பாளரின் விருப்பம். நீங்கள் விரும்பும் எழுத்தாளர் அதில் இல்லாமலும் போகலாம். சேருமுன் நான்கு நூல்களின் பெயரை எழுதிக்கொண்டு தேடிப் பாருங்கள். இரண்டேனும் கிடைத்தால் சேருங்கள். ஒலிநூலாயின் மாதிரிப் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். ழகரம் சிதைந்த வாசிப்பு குழந்தையின் நாவையும் சிதைக்கும்.

மூன்றாவது, எல்லாவற்றிற்கும் சந்தா வேண்டுவதில்லை. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தபின் அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் பொதுவுடைமையாகின்றன. பாரதியார், புதுமைப்பித்தன், உ. வே. சாமிநாதையர், 1954-இல் மறைந்த கல்கி ஆகியோரின் படைப்புகள் இவ்வகையின. 1998-இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் சங்க நூல்கள் முதல் கல்கி வரை எத்தனையோ நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் அவ்வாறே. இவற்றை இறக்கி வைத்துக்கொண்டால் எவரும் பூட்ட முடியாது. 2005-இல் தோன்றிய லிப்ரிவாக்ஸ் என்னும் அமைப்பில், தொண்டர்கள் தம் குரலில் வாசித்த பொதுவுடைமை நூல்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். பார்வைக் குறையுடையோர்க்கென 2016-இல் 'சுகம்யா புஸ்தகாலயா' என்னும் இணைய நூலகம் தொடங்கப்பட்டது. தகுதியுள்ளோர் அதில் உறுப்பினராகலாம். எங்கள் அன்னையாருக்காக அதன் விவரங்களை இப்பொழுதுதான் கேட்டு வருகின்றோம். முதலிலேயே கேட்டிருக்கவேண்டும்.

நான்காவது, நண்பர்கள் அனுப்பும் திருட்டுப் பிரதிகளை வாங்காதீர்கள், அனுப்பாதீர்கள். கிண்டில் சந்தாவில் ஓர் எழுத்தாளரின் நூலை எத்தனை பக்கம் படிக்கிறோமோ அதற்கேற்பவே அவருக்குப் பணம் சேர்கின்றது. 2015 முதல் இம்முறை நடப்பிலுள்ளது. வாழும் தமிழ் எழுத்தாளனுக்கு நாம் புரட்டும் பக்கமே கூலி. அந்தக் கூலியைத் தடுப்பது தமிழ்ப் பற்றாகாது.

ஐந்தாவது, வீட்டார் அனைவருக்கும் பிரியமான நூல் எதுவோ, அதனைத் தாளில் ஒரு பிரதி வாங்கி வைத்துவிடுக. படித்து எறியும் நூலுக்குச் சந்தா. பேரப்பிள்ளைக்குக் கொடுக்க விரும்பும் நூலுக்கு அலமாரி. நாங்கள் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் சென்ற தீபாவளி போனஸில் வாங்கிவிட்டோம். வேப்பிலை பரப்பி வைத்திருக்கின்றோம். கரையான் இம்முறை ஏமாறட்டும்.

நம் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். தில்லித் தமிழ்ச் சங்கமும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் நூலகம் வைத்திருக்கின்றன. அவ்வளவு வசதி நமக்கு இல்லாவிடினும், மாதம் ஒரு ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் வாசிப்புக்கு ஒதுக்கலாம். கண் மங்கிய முதியோர் கேட்க, எழுத்துத் தெரிந்த இளைஞர் ஒரு சிறுகதை வாசிக்கட்டும். எழுத்துத் தெரியாத சிறுவரும் அருகே அமரட்டும். பொதுவுடைமை நூலாயின் அவ்வாசிப்பைப் பதிவு செய்து வைக்கலாம். எத்தனையோ வீடுகளில் அது சன்னலோரத்தில் தனித்திருப்போருக்குத் துணையாகும்.

சந்தாவை நாங்கள் நிறுத்திவிடவில்லை. மாதந்தோறும் செலுத்தித்தான் வருகின்றோம். பிற்பகல் வேளைகளில் அன்னையாருக்கு அதுவே தோழன். ஆனால் மாலை ஏழு மணிக்குக் கைபேசியை மூடிவிடுகிறோம். மூன்றாம் பாகத்தை நாங்கள் வாசிக்கின்றோம். தடுமாறும் இடங்களில் அன்னையார் திருத்துகின்றார். அவர் எங்கேனும் நாயை ஏற்றுகின்றாரா என்று மகள் காதைத் தீட்டிக்கொண்டிருக்கின்றாள்.